படுக்கையறையைக்கூட எண்ணிய ஊர்கள்

பால் டேவிடாஃப் (1930–1984) சட்டமும் நகரத் திட்டமிடலும் படித்த அமெரிக்கர். திட்டமிடுபவர் நடுநிலை வேஷம் போடாமல் ஏழைகளின் வக்கீலாக நிற்கணும் என்று 1965-லேயே எழுதினார். 1969-ல் தனி அமைப்பு தொடங்கி, புறநகர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்.

நியூஜெர்சியில் மாவா என்ற ஊரில் ஃபோர்டு கார் ஆலை இருந்தது. தொழிலாளி வேலைக்கு வரலாம், குடியேற வழியில்லை. "கறுப்பருக்கு வீடில்லை" என்று எந்த விதியும் சொல்லாது. இப்படிப்பட்ட ஊர்களில் பெரிய மனை கட்டாயம், அடுக்குமாடிக்குத் தடை, சில இடங்களில் படுக்கையறைக்கும் உச்சவரம்பு. பள்ளிச் செலவு ஊர்ச் சொத்துவரியில் இருந்து போகிறதே, பிள்ளைகள் குறைந்தால் லாபம்!

வளரும் ஊர் ஒவ்வொன்றும் எளியோர் வீட்டுக்குத் தன் பங்கு இடம் தரணும் என்றது, மவுண்ட் லாரல் என்ற ஊர் மீதான வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975-ல் தந்த தீர்ப்பு. அமலாக்க வழி இல்லாததால் ஊர்கள் இழுத்தடித்தன. 1983-ல் வந்த இரண்டாம் தீர்ப்பில் (மாவா வழக்கும் இதில் சேர்த்தி) பல் முளைத்தது: சுமார் 20% வீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்கும் பில்டர் வழக்குப் போட்டு ஜெயித்தால், கோர்ட்டே கட்ட வழிவிடும். பில்டரின் லாப ஆசையையே ஆயுதமாக்கிய கெட்டிக்காரத்தனம்.

நியூஜெர்சி 1985-ல் போட்ட சட்டம் ஒரு ஓட்டை வைத்தது. பணக்கார ஊர் தன் பங்கில் பாதிவரை காசு கொடுத்து வேறு ஊர் தலையில் கட்டலாம். 2008-ல்தான் அதை அடைத்தார்கள்.