மூன்று மொழியிலும் ஒரே விடை வந்துவிட்டது

பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்று நிரல்மொழியிலும், தரவை ரகசியமாகப் பூட்டும் ஏஇஎஸ்-256 சிபிசி முறை இப்போது கடைசி பைட் வரை ஒத்துப்போகிறது. ஒன்றில் பூட்டியதை இன்னொன்றில் திறக்க முடிகிறது. இதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன்!

படாத பாடு படுத்தியது கிரிப்டோஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பக்கம். அதில் கீயை, அதாவது பூட்டும் சாவியை, ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்துகளாக) கொடுத்தால் அதைக் கடவுச்சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். நாம் கொடுக்கும் ஐவியை (பூட்டத் தொடங்கும்போது கீயோடு சேர்த்துத் தரும் தொடக்க மதிப்பு) கண்டுகொள்ளாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சால்ட் (கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயல் பைட்கள்) போடுவதால் விடையும் மாறிக்கொண்டே இருக்கும். விடை எழுத்துகளாக வரும் பேஸ்64 வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: முதல் எட்டு பைட் ‘சால்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இரண்டு அடிக்கோடும், அடுத்த எட்டு பைட் சால்ட், அதற்குப் பிறகுதான் பூட்டிய தரவு.

கீயை ஹெக்ஸிலிருந்து (பதினாறடிமான எழுத்து வடிவம்) கிரிப்டோஜேஎஸ் பைட்களை வைத்துக்கொள்ளும் வேர்ட்அரேயாக மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய தரவையும் திறக்க வேண்டியிருந்ததால், கிரிப்டோஜேஎஸ் கடவுச்சொல்லிலிருந்து கீ செய்யும் அதே கணக்கை மற்ற இரண்டு மொழியிலும் எழுதினேன். கடவுச்சொல்லையும் சால்ட்டையும் சேர்த்து எம்டி5 (எதைக் கொடுத்தாலும் 16 பைட்டாகச் சுருக்கும் கணக்கு). வந்த 16 பைட்டை அவற்றின் முன்னால் ஒட்டி மறுபடி எம்டி5. இன்னொரு சுற்று. மொத்தம் 48 பைட்: முதல் 32 கீ, மிச்சம் 16 ஐவி. அடுத்த சுற்றுக்குப் போக வேண்டியது எம்டி5-இன் ஹெக்ஸ் எழுத்துகள் அல்ல, அந்த 16 பைட்தான். இந்த இடத்தில் பிசகினால் முதல் 16 பைட் சரியாக வந்து பிறகு எல்லாம் தடம்புரளும்.

அதனால் கடைசி விடையை ஒப்பிடுவதில் பயனில்லை. கீ, ஐவி, பேடிங் (கடைசித் துண்டை நிரப்பும் பைட்கள்) போட்ட தரவு என்று ஒவ்வொன்றையும் ஹெக்ஸில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ஜாவாவில் பைட் -128 முதல் 127 வரை போவதால் எண்ணாகப் பார்த்தால் குழப்பும். பைட்டை ஹெக்ஸாக மாற்ற ஜாவா 17-இல் வந்த ஹெக்ஸ்ஃபார்மேட் அருமை.

இப்படி எம்டி5-ஐ வைத்துக் கீ செய்வது பலவீனமானது, புதிய வேலைக்கு வேண்டவே வேண்டாம். அடுத்து, பூட்டுவதோடு தரவை யாரும் மாற்றவில்லை என்றும் சரிபார்க்கும் ஜிசிஎம் முறைக்குப் போகிறேன். சோதனைத் தரவை, இத்தகைய நிரல்களைச் சோதிக்கவென்றே உள்ள வைச்ப்ரூஃப் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். ஜிசிஎம்-இல் ஜாவா டேகை (அந்தச் சரிபார்ப்புக் குறி) தரவின் வாலிலேயே ஒட்டித் தரும், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் தனியாகக் கேட்டால்தான் தரும்.

அதற்கு முன் தமிழ்க் கடவுச்சொல் பாக்கி இருக்கிறது. ‘கொ’வின் ஒற்றைக்கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம், கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. பைத்தானில் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி போட்டாயிற்று, மற்ற இரண்டிலும் இனிதான்.