முசிக்ஃபெரைன் அலுமாரியில் கிடக்கும் பழைய டியூபா

நம் கல்லூரி பாண்டில் பேஸ் (டியூபா போன்ற தாழ்சுரக் கருவி) ஊதியவர்கள் எல்லோரும் பிஸ்டன் வால்வில் கை பழகியவர்கள். மேல்மூடியைக் கழற்று, பிஸ்டனை இழு, துடை, எண்ணெய் விடு, திரும்பப் போடு: பிரித்தானியர் விட்டுப்போன வழக்கம் அது. இன்று ஜேர்மனியில் நம் பிள்ளைகள் ஊர் முசிக்ஃபெரைன்களில் (இசைச் சங்கங்களில்) சேர்கிறார்கள். அங்கே இரவலாகக் கிடைக்கும் டியூபா பெரும்பாலும் ரோட்டரி வால்வு உள்ளது. அதில் பிஸ்டன் ஏறி இறங்குவதற்குப் பதில் ஒரு சுழலி கூட்டுக்குள் திரும்பும்; விரல் அழுத்தும் லீவரை அதனோடு இணைப்பது நூல், திருப்பத்தை நிறுத்துவது தக்கை. வால்வு இறுகிவிட்டது, பழசு, உதவாது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பழுது அநேகமாகத் தக்கையிலோ நூலிலோ அழுக்கிலோதான் இருக்கும்.

இராணுவ இசை இயக்குநர் வீப்ரெக்டும் கருவி செய்பவர் மோரிட்ஸும் 1835இல் பேர்லினில் காப்புரிமை பெற்ற முதல் டியூபாவில் ரோட்டரி இல்லை. குட்டையான பேர்லின் பம்ப் வால்வுகள்தான். ரோட்டரி வியன்னாவில் கருவி செய்பவர் ரீடலின் கையால் வந்தது. வியன்னா வாசிப்பாளர்களின் எஃப் டியூபாவில் (எஃப், பி பிளாட், சி என்பவை கருவியின் அடிப்படைச் சுருதி) ஆறு வால்வு, கைக்கு மூன்றாக. ஜேர்மன் ஓர்க்கெஸ்ட்ராக்காரர் எஃப் ஒன்றும் பி பிளாட் ஒன்றும் வைத்திருப்பார்கள். அமெரிக்கர் சி பக்கம் சாய்ந்தார்கள். மைன்ஸ் நகரின் அலெக்சாண்டர் 163, வால்ட்கிரைபூர்கின் மிராஃபோன் 186 என்ற ரோட்டரி டியூபாக்கள் இரண்டுக்கும் அமெரிக்காவில் நல்ல மதிப்பு. சிகாகோ ஓர்க்கெஸ்ட்ராவின் ஆர்னல்ட் ஜேக்கப்ஸ் ஊதிய யோர்க் டியூபாவையும் சிலர் ரோட்டரிக் கணக்கில் சேர்ப்பதுண்டு. அதில் நான்கு பிஸ்டன். ஐந்தாவது மட்டுமே ரோட்டரி.

சரி, வால்வுக்கு வருவோம். பின்மூடியைக் கழற்றினால் அச்சின் முனையில் ஒரு கோடும், சுற்றியுள்ள பேரிங் தட்டில் (அச்சைத் தாங்கும் தட்டில்) இரண்டு கோடுகளும் தெரியும். வால்வு சும்மா இருக்கும்போது அச்சின் கோடு ஒன்றோடும், அழுத்தும்போது மற்றதோடும் நேராக நிற்க வேண்டும். தாண்டிப் போனால் தக்கை தேய்ந்துவிட்டது; எட்டாமல் நின்றால் தக்கை தடிப்பு. இரண்டிலும் குழாயின் துளைகள் விலகி, சுரம் அடைத்த மாதிரிக் கேட்கும். புதுத் தக்கையைச் சற்றுத் தடிப்பாகவே வைத்து, சவர பிளேடால் சீவிச் சீவிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இறுகிய வால்வைக் கழற்ற முதலில் நூலை அவிழுங்கள். முன்பக்கத்தில் நிறுத்துக்கையை (சுழலியோடு திரும்பித் தக்கையில் முட்டும் சிறு கையை) பிடித்திருக்கும் நடுத்திருகாணியை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தினால் போதும், முழுதாக எடுக்கக்கூடாது. அதன் தலையில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்ட, சுழலியும் பேரிங் தட்டும் பின்பக்கமாக வெளியே வரும். கீழே உள்ளங்கையை ஏந்திக்கொள்ளுங்கள். திருகாணியை எடுத்துவிட்டு அச்சிலேயே தட்டியவர்களின் கைவேலை பல பழைய டியூபாக்களில் தெரியும்: முனை விரிந்து, நிறுத்துக்கை கழலவே மாட்டாது. ஒன்றின் சுழலி இன்னொன்றின் கூட்டில் சேராது. எண் போட்டு வையுங்கள். பச்சைக் களிம்பையும் சுண்ணாம்புப் படிவையும் மிதமான சிட்ரிக் அமிலக் கரைசல் கரைக்கும். பிறகு நன்றாக அலசுங்கள். எமரித் தாள் படவே கூடாது, அது உலோகத்தையே தின்றுவிடும். திரும்பப் பூட்டும்போது தட்டின் குறி கூட்டின் குறியோடு சேர வேண்டும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் வால்வு சுழலாது.

எண்ணெய் இரண்டு வகை. மெல்லியது இழுகுழாய் வழியாகச் சுழலியின் மேற்பரப்புக்கு. தடித்தது இரண்டு பக்கப் பேரிங்குக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு துளி. பிஸ்டன்காரர் பழக்கதோஷத்தில் மெல்லியதையே எல்லா இடமும் விடுவார்கள். பேரிங் தேய்வது அப்படித்தான்.

நூலுக்குப் பின்னிய மீன்பிடி நூல் நன்று. லீவரின் ஒரு துளையில் முடிச்சிட்டு, நிறுத்துக்கையின் திருகாணியை எட்டு வடிவில் சுற்றி, லீவரின் மறு துளையில் இழுத்துக் கட்ட வேண்டும். லீவரின் உயரத்தை நூலைப் பிடிக்கும் அந்தத் திருகாணியில் சரிசெய்யலாம், நடுத்திருகாணியில் அல்ல.

சுருதிக் குறையை மட்டும் கருவியின் வயதில் போடாதீர்கள். பி பிளாட் டியூபாவின் குழாய் ஏறக்குறைய 18 அடி. நான்காம் வால்வு இன்னும் 6 அடி சேர்க்கும். இரண்டாம் வால்வின் குழாயோ 18 அடிக்கு அளந்தது, ஓர் அடிக்குச் சற்று மேல். 24 அடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை அடி வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறும். பழைய வாசிப்பாளர்கள் இடக்கையால் இழுகுழாயை இழுத்தோ ஐந்தாம் வால்வைச் சேர்த்தோ ஊதியது இதற்காகத்தான்.

கடைசியாகக் கசிவு. மூன்றாம் வால்வை அழுத்தாமல் அதன் இழுகுழாயை மெல்ல இழுத்து, சில நொடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். பட்டென்று சத்தம் கேட்டால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. சத்தமே இல்லாமல், சுழலியும் கூட்டுக்குள் பக்கவாட்டில் ஆடினால், தடித்த எண்ணெய் கொஞ்ச காலம் தாங்கும். அதற்குப் பிறகு பட்டறைதான்.