எதிரில் இருந்தவர் என் வக்கீல் இல்லை

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சில வெண்டர்களுக்குப் போன பணம் பற்றி உள்விசாரணை நடந்தது. அந்த இன்வாய்ஸ்களில் நாலைந்து நான் அப்ரூவ் செய்தவை. லீகல் டிபார்ட்மென்ட் என்னையும் கூப்பிட்டது.

அறையில் வெளி வக்கீல்கள் இரண்டு பேர். ஒருவர் கேட்க, மற்றவர் குறிப்பெடுத்தார். காபி வேண்டுமா என்று விசாரித்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்: "நாங்கள் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு அல்ல. இங்கே பேசுவது ரகசியம். ஆனால் அந்த ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி நினைத்தால் உங்களைக் கேட்காமலே அரசிடம் கொடுக்கலாம்."

விமானத்தில் சீட் பெல்ட் அறிவிப்பைக் கேட்பதுபோலத் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. "அப்போ எனக்குத் தனியாக வக்கீல் வேண்டுமா?" என்றேன். "அதைப் பற்றி நான் யோசனை சொல்ல முடியாது" என்றார். அன்றைக்குக் கடுப்பாக இருந்தது. யோசித்தால், கம்பெனிக்காக வந்தவர் வேறென்ன சொல்வார்?

அவகாசம் கேட்டேன், ஒரு வாரம் கிடைத்தது. சொந்தக் காசில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். நான் கேட்ட அறிவிப்புக்கு 'அப்ஜான் எச்சரிக்கை' என்று பெயர் என்றார். அப்ஜான், மிச்சிகனின் கலமசூவில் இருந்த மருந்துக் கம்பெனி. வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பணம் போன விவகாரத்தில் கம்பெனி வக்கீல் தன் மேனேஜர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். பதில்களை வரித்துறை கேட்டது. வக்கீலிடம் பேசியதை வெளியே கொடுக்க வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு, முடிவெடுக்கும் மேலிடத்தார் பேசினால்தான் உண்டு என்றது கீழ் கோர்ட். 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கம்பெனிக்குச் சட்ட ஆலோசனை கிடைப்பதற்காக, மேலிடம் சொல்லி, தன் வேலை சம்பந்தமாக வக்கீலிடம் பேசிய கீழ்நிலை ஊழியரின் பேச்சுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. பேச்சுக்குத்தான், நடந்த சங்கதிக்கு இல்லை. அதே கேள்வியை அரசு நேராக என்னிடமே கேட்கலாம்.

பேச மறுக்கலாமா என்றேன். மறுக்கலாம், வேலை போகலாம் என்றார். ஹெச்1பி விசாக்காரனுக்கு வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். மறுப்பதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இரண்டாம் தடவை என் வக்கீலும் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். நினைவில்லாததை நினைவில்லை என்றேன். ஊகம் எதுவும் இல்லை.

முதல் பத்து நிமிடத்தில் மட்டும் என் மேனேஜரைப் பற்றி, "அவருக்குத் தெரிந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்று உளறியிருந்தேன். அந்தக் குறிப்பைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அது கம்பெனியுடையது, தர முடியாது என்று பதில் வந்தது.