பாதை சேறு, ஆறு பளிங்கு

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை காலை, லண்டனின் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் மெட்ரோபாலிட்டன் தடத்து ரயிலைப் பிடித்து, அதன் கடைக்கோடி நிலையங்களுள் ஒன்றான செஷமில் நாங்கள் நால்வரும் இறங்கியபோது குளிர் 4 டிகிரி. அதற்கு முந்தைய பத்து நாட்களும் விட்டுவிட்டு மழை பெய்திருந்தது. இந்த ஈரத்தில் நடைக்குப் போகத்தான் வேண்டுமா என்று வாட்ஸாப்பில் நடந்த விவாதம், "தஞ்சாவூர்க்காரன் சேற்றுக்குப் பயப்படுவதா?" என்று நான் எழுதிய ஒரே வரியில் முடிந்திருந்தது. அந்த வரியை நண்பர்கள் அன்று மாலைவரை எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள்.

செஸ் என்னும் சிற்றாறு செஷம் அருகே ஊற்றுகளாகப் பிறந்து, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, ரிக்மன்ஸ்வொர்த்தில் கோல்ன் ஆற்றோடு கலந்துவிடுகிறது. அதன் பள்ளத்தாக்கை ஒட்டியே நடைபாதை செல்கிறது. பிரிட்டிஷ் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் பச்சைக் கோடுகளாகத் தெரியும் இத்தகைய பாதைகள் பெரும்பாலும் தனியார் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்தே போகின்றன. நிலம் ஒருவருடையதாக இருந்தாலும் அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் ஒன்று.

சேறு முதல் வேலியிலேயே காத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய, மாடு புக முடியாத மரக்கதவு அங்கே இருந்தது. வயலில் எப்படி வேண்டுமானாலும் பரந்து நடப்பவர்கள் அத்தனை பேரும் அந்த இரண்டடி இடத்தில் கால் வைத்தே ஆகவேண்டும் என்பதால், புல் முற்றிலும் அழிந்து, இலையுதிர்காலத்தில் மாடுகள் மிதித்த குளம்புக் குழிகளில் நீர் நின்று, இட்லி மாவுப் பதத்தில் ஒரு குழம்பு உருவாகியிருந்தது. நான் பிறந்த ஊரின் நடவு வயல் வேறு. அங்கே வெறுங்காலில் இறங்கினால் விரல்களின் இடுக்கு வழியே சேறு பிதுங்கி வழிவிடும். அடியில் எங்கே கெட்டித்தரை இருக்கிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும். பூட்ஸுக்குள் இருக்கும் கால் குருடு. மூன்றாவது கதவருகே என் வலது பூட்ஸ் புதைந்து நிற்க, கால் மட்டும் காலுறையோடு வெளியே வந்தது. எழுதிய வரிக்கு அப்போதே வட்டியும் முதலும் கட்டினேன்.

ஆனால் அன்று என்னை வியக்க வைத்தது சேறு அல்ல, அதற்குப் பத்தடி தள்ளி ஓடிய நீர். காவிரியில் புதுவெள்ளம் வந்தால் ஆறுதான் கலங்கிச் செம்மண் நிறத்தில் நுரைத்துவரும், கரை காய்ந்து கிடக்கும். இங்கே நடப்பதற்கான பாதை முழுவதும் கலங்கியிருக்க, ஆறு அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போலத் தெளிந்திருந்தது. இந்தப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கும் சில்டர்ன் குன்றுகளின் உடல் சுண்ணக்கல். அதன் தலைமேல் மட்டும் சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் போர்வை. மழைநீர் களிமண்ணில் இறங்க வழியின்றித் தேங்கிச் சேறாகிறது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய நீரோ, மாதக்கணக்கில் ஊறி, வடிகட்டப்பட்டு, கோடை குளிர் என்று பாராமல் சுமார் 10 டிகிரியில் ஊற்றாக வெளிவருகிறது. உலகிலுள்ள இத்தகைய சுண்ணக்கல் ஆறுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆற்றிலும், மழை மிகுந்த ஆண்டுகளில் கழிவுநீர் நிரம்பி வழிந்து கலக்கிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

லாட்டிமர் சிற்றூரின் புல்வெளியில் ஒரு குதிரையின் இதயம் புதைக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போயர் போரில், போயர்கள் பக்கம் நின்று 1900 ஏப்ரலில் இறந்த பிரெஞ்சுத் தளபதி வில்புவா மரேயின் குதிரை அது. அவரை எதிர்த்துப் போரிட்ட தரப்பைச் சேர்ந்த செஷம் பிரபு அதை இங்கே கொண்டுவந்தார்.

அதைவிட எங்களை அதிக நேரம் நிறுத்தியது, சற்றுத் தள்ளிப் பாதையோரம் தனியாக நிற்கும் செங்கல் கல்லறை. 1777இல் இறந்த வில்லியம் லிபர்ட்டி, செங்கல் சூளைக்காரர். தன் நிலத்திலேயே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம் என்று கல்வெட்டே சொல்கிறது. சேற்றில் நின்றபடி அதைப் படிக்கையில், களிமண்ணைச் சுட்டுப் பிழைத்த ஒருவர் வேறு எங்கே படுப்பார் என்று தோன்றியது. மழைக்குப் பாசி ஏறிய செங்கற்களை யாழ்ப்பாணத்து நண்பர் நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

அவர் ஓடுவதற்கான மெல்லிய காலணியில் வந்திருந்தார்; ஆகவே விழுந்தவரும் அவர்தான். எலுமிச்சைச் சாதப் பையை உயரத் தூக்கிப் பிடித்தபடி, உட்கார்ந்த வாக்கில், மிக மெதுவாகச் சறுக்கினார். சாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரட் பாட்டம் என்னும் இடத்தில், ஒரு காலத்தில் லண்டன் சந்தைக்காக வாட்டர்கிரஸ் கீரை விளைவித்த பாத்திகள் அருகே, அவர் ஆற்றில் கை கழுவினார். நீர் எதிர்பார்த்த அளவு விறைக்கவில்லை என்றார். எதிர்க்கரையில் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு, தன் மஞ்சள் பாதத்தை நீருக்குள் உதறி உதறி மீனைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஊரில் வாய்க்கால் கரையில் நாள்தோறும் பார்த்த அதே இனம்தான். இங்கிலாந்தில் அது முதன்முதலில் கூடு கட்டியதே 1996இல்தான். எங்கள் நால்வரில் அதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர் ஒருவர் இருந்தார், அன்று முழுவதும் கொக்கைவிட மூத்த குடிமகன் என்று சொல்லிக்கொண்டார்.

நான்கு மணிக்கெல்லாம் ஒளி மங்கத் தொடங்கியது. ரிக்மன்ஸ்வொர்த் வரை போகும் திட்டத்தைக் கைவிட்டு, மரங்களடர்ந்த சரிவில் ஏறிச் சோர்லிவுட் நிலையத்தில் ரயில் ஏறினோம்.

மறுநாள் பழைய செய்தித்தாளை விரித்து, மழுங்கிய கத்தியால் பூட்ஸைச் சுரண்டினேன். கடைசியாக ஏறிய சரிவின் செம்பழுப்புக் களி முதலில் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அதற்கடியில் ஆற்றங்கரைப் புல்வெளியின் கறுத்த, வேர் நாறும் மண். குதிகாலின் இடுக்கில், காய்ந்து வெளுத்துப்போன கொஞ்சம் சாம்பல் நிறச் சேறு மிஞ்சியிருந்தது. செஷமை விட்டு வந்தபின் வந்த முதல் கதவாக இருக்க வேண்டும்.