அப்பாவின் நேர்த்திக்கடன்: கற்குவேல் அய்யனார் சன்னதியில் ஒரு பங்குனி உத்திரம்

இருபத்தொன்பது வருடம் கழித்து எங்கள் சாஸ்தா கோயில், அதாவது குலசாமி அய்யனார் கோயில் மண்ணை மிதித்துவிட்டு வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து எழுத உட்கார்வதும் கண் கலங்கி எழுந்து போவதுமாகவே இருக்கிறது, அதனால் முன்பின்னாகத்தான் சொல்வேன்.

தூத்துக்குடி மாவட்டம் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார்தான் எங்கள் குலசாமி. தாத்தா பதினைந்து வயதில் பனங்காட்டை விட்டு மெட்ராஸ் பலசரக்குக் கடைக்கு வேலைக்கு வந்தவர். அவருக்கு முந்தின தலைமுறை வரை எல்லாருமே பனையேறிகள். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னைதான், ஆனாலும் சின்ன வயதில் பங்குனி உத்திரம் வந்தால் ஆச்சி எங்களை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவாள். தேரி என்றால் செம்மண் மணல்மேடு. அந்தச் செக்கச்சிவந்த தேரி மணல் பங்குனி வெயிலில் எப்படிச் சுடும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆச்சி எங்கள் ஆளுக்கொரு கையில் ஆவாரங்கொழையை, இலையோடு இருக்கிற ஆவாரங்கிளையை, ஒடித்துக் கொடுப்பாள். சூடு தாங்கவில்லை என்றால் அதைக் கீழே போட்டு ஏறி நின்றுகொள்ள வேண்டும், கால் ஆறினதும் எடுத்துக்கொண்டு அடுத்த பனை நிழலுக்கு ஓட வேண்டும். உச்சி வெயிலில் பனைக்கு நிழல் ஏது, ஒரு வட்டம் விழும், அதில் நான்கு பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு நிற்போம். போய்ச் சேர்ந்ததும் ஓலைப்பட்டையில் மாங்காய்த் துண்டு போட்ட பதனி, பதநீர்தான், கிடைக்கும். அந்த ருசிக்காகவே எத்தனை சூடும் தாங்கலாம்.

1996ஆம் வருடத்தோடு அது நின்றது. ஒரு விளையை, ஊர்த் தோட்ட நிலத்தை, விற்ற கணக்கில் அப்பாவுக்கும் ஊரிலிருந்த பங்காளிகளுக்கும் மனத்தாங்கல். அடுத்த வருடம் ஆச்சியும் போய்விட்டாள், யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. 2022இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேரனுக்கு முடி அய்யனார் கோயில்லதான் எடுக்கணும். நான் நேர்ந்திருக்கேன்." அவர் இருக்கும்போது முடியவில்லை. தீட்டு கழிந்து, பையனுக்கும் மூன்று வயதாகி, போன 2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை உத்திரத்துக்குக் கிளம்பினோம்.

திருச்செந்தூரில் இறங்கி வேன் பிடித்தோம். காயாமொழி தாண்டியதுமே வண்டி நகரவில்லை, அவ்வளவு கூட்டம். வழியில் யாரோ நான்கு பேர் கயிறு கட்டி மறித்து, இங்கேதான் நிறுத்த வேண்டும் என்று இருநூறு ரூபாய் பிடுங்கினார்கள். ரசீது கேட்டால் முறைப்பு. குலசாமியைப் பார்க்கக் கைப்பிள்ளையோடு வருகிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ! அவர்கள் காட்டிய இடத்தில் வேன் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. சரி, நடப்போம் என்று பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். செருப்போடு போக மனம் வரவில்லை. நூறு அடி கூடப் போகவில்லை, பாதம் பற்றி எரிகிறது. என் மனைவி எதுவும் கேட்காமல் ஓரத்தில் நின்ற செடியில் கொழை ஒடித்துக் கீழே போட்டாள். நான் அவளிடம் ஆச்சி கதையைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அதன்மேல் நின்றபோது ஆச்சி பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

முடி எடுத்தாயிற்று, தாய்மாமன் மடியில் வைத்துக் காதும் குத்தியாயிற்று. பையன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. சந்தனம் தடவிய தலையோடு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். உள்ளே பூரணம், பொற்கலை என்ற இரண்டு தேவியரோடு அய்யன். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன், வீட்டுக் கடன், மனைவியின் மூட்டுவலி, எல்லாம் மறந்துவிட்டது. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். பையனுக்கும் அதே பெயர்தான் வைத்திருக்கிறோம், யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் நான் கூப்பிட்டது அப்பாவைத்தான். தீபம் காட்டினபோது அய்யன் முகம் தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

வெளியே வந்து பொங்கல் வைக்க இடம் தேடினோம். ஒவ்வொரு வகையறாவும் தனித்தனியாகப் பந்தல் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒரு பந்தலில் இருந்த பெரியவர், "எந்த ஊரு தம்பி, யாரு வீடு?" என்றார். ஆச்சி சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, "விடிலிக்காரர் வீடு" என்றேன். விடிலி என்றால் பனையேறிகள் பதனி காய்ச்சும் ஓலைக்குடிசை. அவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். தலைக்கட்டு வரி நோட்டு. வகையறாவில் ஒவ்வொரு குடும்பத்தலைவர் பெயரும் அதில் இருக்கும், பந்தலுக்கும் படைப்புக்கும் வருடா வருடம் வரி கட்டுவார்கள். தாத்தா பெயர், அதற்குக் கீழே அப்பா பெயர். நேரே எல்லா வருடத்துக்கும் 'வரவு' என்று எழுதியிருந்தது. ஒரு வருடம் விடவில்லை.

கட்டியது யார் என்று கேட்டேன். அப்பாவோடு விளைக்கணக்கில் சண்டை போட்ட அதே பெரியப்பா. "ஒரு தலைக்கட்டு அத்துப்போகக் கூடாதுன்னு அண்ணன் கட்டிட்டு வந்தாரு. அவரு போனப்புறம் நான் கட்டுதேன்" என்றார் பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை. இவ்வளவு வருடமும் அய்யன் எங்களை அறுத்துவிடவில்லை, அந்தப் பெரியப்பா கையாலேயே பிடித்து வைத்திருந்திருக்கிறார். அப்பா இது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. நான் மொத்தப் பணத்தையும் எடுத்து நீட்டினேன். சித்தப்பா கையைத் தட்டிவிட்டார். "சாமி கணக்குல திருப்பித் தாறது கிடையாதுடே. இந்த வருச வரியை மட்டும் நீ கட்டு."

கட்டினேன். அப்பா பெயருக்குக் கீழே என் பெயரை அவர் எழுத எழுத, பையன் மொட்டைத்தலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது சித்தி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தார். நான் கொஞ்சம் தேரி மணலை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்தேன். அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். அய்யனே, அடுத்த உத்திரத்துக்கும் எங்களைக் கூப்பிட்டுக்கொள்.