கூகையின் முகம் பார்க்க ஒரு லென்ஸ்

செம்பனை (பாமாயில் பனை) நிரை முடிந்து, குலை ஏற்றும் லாரி திரும்புகிற மண்சாலை ஓரத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. உச்சியில் பலகைப் பெட்டி. அதற்குள் ஒரு கூகைக் குடும்பம்; கூகை ஆந்தையில் ஒரு வகை. தோட்டத்தில் எலிச்சேதக் கணக்கு எடுப்பது என் வேலை. எத்தனை குலையில் பல் பட்டிருக்கிறது, எந்தப் பெட்டியில் பறவை தங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவேன். பெட்டிக்குள் பறவை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஏணி தேவையில்லை. கம்பத்தடியில் கட்டைவிரல் பருமனில் கறுப்பாக உருண்டைகள் விழுந்து கிடக்கும். குச்சியால் கிளறினால் எலி மயிர், நடுவே அரிசி போன்ற பற்களோடு சின்ன மண்டையோடு. கூகை விழுங்கி, செரிக்காததைத் திரும்பக் கக்கியது அது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம். அம்மா வயதுக்காரர்களுக்கு அது இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை பயிரிட்டார். தென்னமரம் என்று பெயர் வைத்துக்கொண்டு செம்பனைக்கு வழிகாட்டிய தோட்டம். செம்பனை வந்தது, பழம் தின்ன எலி வந்தது, எலி தின்னக் கூகையைக் கூப்பிட்டுப் பெட்டி வைத்தார்கள். இவ்வளவு உதவி செய்கிற பறவையை எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அலறினால் சாவு என்பார்கள். மாலையில் நான் மோட்டார் சைக்கிளை எடுத்தால் அம்மா வாசலுக்கே வந்துவிடுவார்.

"பொழுது சாயுற நேரத்துல போயும் போயும் ஆந்தை மூஞ்சிலயா முழிக்கப் போற?"

அந்த மூஞ்சியை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. என்னிடம் இருந்தது சித்தப்பா மகன் விற்ற பழைய கேனன் 700டி. கூடவே வந்தது 18-55 லென்ஸ். இந்த எண்கள் மில்லிமீட்டர்; எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். அதில் எடுத்தால் பெட்டியே தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவர் கேனன் 75-300 லென்ஸை 200 வெள்ளிக்குப் (ரிங்கிட்) போட்டிருந்தார். 300 என்ற எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்தேன். பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துக் காசைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து கைவிளக்கைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூலாய்க் கிளை பிரிந்து வெள்ளை இழைகள். பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸுக்கு வருகிற நோய். அழைத்துப் பார்த்தேன், அவர் போனை எடுக்கவில்லை. தயவுசெய்து யாரும் கைவிளக்கு இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். கண்ணாடி மேல் இரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. வேர் விட்ட மாதிரி எது தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பூஞ்சணம் இல்லாத 75-300ஆக இருந்திருந்தாலும் எனக்குச் சரிப்பட்டிருக்காது. அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் கிடையாது. முழு 300இல் வைத்தால் படம் சொதசொதவென்று இருக்கும். வெள்ளை வானத்துக்கு எதிரே செம்பனை மட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு ஓலை விளிம்பிலும் ஊதாக் கோடு ஓடியது. நல்ல வெயிலில், அசையாத பொருளுக்கு, கையில் வேறு காசே இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வேலையோ செம்பனை நிழலில். நடுப்பகலிலேயே அங்கே மங்கலாக இருக்கும்.

கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் மிமீ எண்ணை எடுத்து, 700டி போன்ற கேமராவின் சின்ன சென்சாருக்கு (படம் பதியும் சில்லு) 1.6ஆல் பெருக்க வேண்டும். 250 மிமீ என்றால் 400. அப்படியென்றால் ஷட்டர் 1/400 விநாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. சூரியன் இறங்குகிற 7:20 மணிக்கு, எஃப் 5.6 துளையில் (எஃப் எண் கூடினால் துளை சிறிது, வெளிச்சம் குறைவு) 1/400க்கு எங்கே போவது? இங்கேதான் ஐஎஸ் கைகொடுக்கிறது. கேனன் 55-250 எஸ்டிஎம்மில் (சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார் உள்ள லென்ஸ்) அது மூன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு) தாங்கும் என்று கம்பெனிக் கணக்கு. எனக்கு 1/60 வரை நம்பி எடுக்க முடிகிறது. ஆனால் ஐஎஸ் நம் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. பெட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிற கூகைக்கு 1/60 போதும். பறந்தால் வெறும் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

தம்பி வேறு மாதிரி பேசினான். "அக்கா, வாங்குறதே வாங்குற, 150-600 பாரு." சிக்மாவின் அந்த லென்ஸில் இலகுவானதே ஏறக்குறைய 1.9 கிலோ. விலையை விடுங்கள். காலை ஆறு மணிக்குக் கணக்குப் புத்தகம், தண்ணீர் போத்தல், மழைச்சட்டையோடு மோட்டாரில் போகிறவள் தோளில் அதையும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிய முடியாது. 55-250 எஸ்டிஎம் 375 கிராம்தான். பையில் இருப்பதே தெரியாது. கனமான லென்ஸ் வீட்டில் உட்கார்ந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடைசியில் என் மனத்தில் இரண்டுதான் நின்றன. ஒன்று 55-250 எஸ்டிஎம். இன்னொன்று 2016இல் வந்த கேனன் 70-300 ஐஎஸ் II. இரண்டாவது நல்ல சாமான், ஃபோகஸ் இன்னும் வேகம், பெரிய சென்சார் கேமராவுக்கும் பொருந்தும். ஆனால் 710 கிராம், பழையதற்கே என் கையிலிருந்த காசைப்போல் மூன்று மடங்கு கேட்டார்கள். அந்த 50 மிமீ வித்தியாசத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன்.

நான் வழக்கமாக நிற்கிற மட்டைக் குவியலிலிருந்து பெட்டிக்கு 15 மீட்டர். கூகை ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் உயரம். 250 மிமீயில் அது சென்சாரில் ஐந்தரை மில்லிமீட்டர் விழும். சென்சாரின் உயரம் 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறவை நிற்கும். 300 மிமீயில் அதே இடத்திலிருந்து எடுத்தால் 6.6 மில்லிமீட்டர். அதே அளவை 250இல் எடுக்க நான் எங்கே நிற்க வேண்டும்? பன்னிரண்டரை மீட்டரில். இரண்டரை மீட்டர் முன்னால் போனால் போதும். செம்பனையில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நடுகிறோம். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இரண்டரை மீட்டருக்காகவா அவ்வளவு வெள்ளி?

கூகை என்னைப் பழகிக்கொள்ள ஒன்பது மாலை ஆனது. தினமும் ஒரே நேரம், ஒரே பச்சைச் சட்டை, ஒவ்வொரு நாளும் இரண்டடி முன்னால். மோட்டாரைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவேன்.

லென்ஸ் வாங்கக் கோலாலம்பூருக்குப் போனேன். புடு பக்கம் பழைய கேமரா சாமான் விற்கிற கடைகள் உண்டு. ஒரு சீன அங்கிள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று லென்ஸை எடுத்து வைத்தார். மூன்றுமே 55-250, ஆனால் மூன்றும் வேறு. 2007இல் வந்தது வெறும் ஐஎஸ், 2011இல் வந்தது ஐஎஸ் II, 2013இல் வந்ததுதான் ஐஎஸ் எஸ்டிஎம். விற்பவர்கள் பலர் "55-250" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். வளையத்தில் எஸ்டிஎம் என்ற எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபோகஸ் சத்தமில்லாமல் ஓடுவது அதில்தான், முன்கண்ணாடி சுழலாது. என்னுடைய 75-300 ஃபோகஸ் தேடும்போது கிர்ரென்று கத்தும். கூகைக்குச் செவிதான் வேட்டைக் கருவி, இருட்டில் எலியின் சரசரப்பைக் கேட்டே பிடிக்கிற பறவை. அதன் முன்னால் அந்தச் சத்தம் வேண்டாம்.

அங்கிள் என் கேமராவிலேயே மாட்டிப் பார்க்கச் சொன்னார். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை 250இல், முழுத் துளையில் எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலையும் பார்த்தேன். ஐஎஸ் பொத்தானை அணைத்தும் போட்டும் பார்த்தேன். கைவிளக்கை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டே தன்னுடைய பெரிய விளக்கை நீட்டினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. 450 வெள்ளி. கேமராவில் மாட்டுகிற வளையம் (மவுண்ட்) பிளாஸ்டிக்தான், அதனால் எனக்கு இதுவரை ஒரு குறையும் வரவில்லை.

நிக்கான் வைத்திருக்கிற தோழிக்கும் இதே வாரம் தேட வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 நல்ல மலிவு. இரண்டு கவனம் வேண்டும். பெயரில் விஆர் (நிக்கானின் ஐஎஸ்) என்று இருப்பதையே வாங்க வேண்டும், விஆர் இல்லாத ஒன்றும் அதே உருவத்தில் விற்கிறது. அடுத்து, டி90 போன்ற பழைய கேமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ் வேலை செய்யாது.

கோயில் திருவிழாவுக்கு இந்த மாதிரி லென்ஸ் போதுமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பகல் காவடிக்கு அருமை, கூட்டத்துக்குப் பின்னால் நின்றே முகத்தை எடுக்கலாம். இரவு தீமிதிக்கு வேண்டாம். அங்கே ஆள் ஓடுகிறார், ஐஎஸ் உதவாது, எஃப் 5.6 துளைக்கு வெளிச்சம் எட்டாது. அதற்கு 50 மிமீ எஃப் 1.8 மேல். 5.6ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும், விலையும் கம்மி. பூசாரியிடம் சொல்லிவிட்டுக் குழி ஓரத்தில் இடம் பிடியுங்கள்.

வாங்கிய பிறகு பாதுகாப்பதும் இருக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். குளிர்சாதனம் போட்ட வண்டியிலிருந்து இறங்கிய உடனே லென்ஸை வெளியே எடுக்காதீர்கள். கண்ணாடி வியர்த்துவிடும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்து சூடேறட்டும்.

பத்தாம் மாலை 7:25. பெட்டிக்குள் குஞ்சுகள் சீறுகிற சத்தம், பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் மூச்சு விடுமே, அப்படி. வாசல் விளிம்பு எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. தாய்க்கூகை அதன்மேல் வந்து நின்றது. எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200. மோட்டார் இருக்கையில் முழங்கை ஊன்றி, மூச்சைப் பிடித்து நான்கு படம். பிளாஷ் போடவில்லை. இருட்டுக்கு விரிந்திருக்கிற அந்தக் கண்ணில் போய் வெளிச்சம் அடிக்க எனக்கு மனம் வராது. மூன்றாவது படத்தில் அது நேராக என்னைப் பார்த்திருந்தது. கொஞ்சம் மணல் மணலாக இருக்கிறது. ஆனாலும் மூக்கோரத்து மயிர்கூட எண்ணலாம்.

அதை 8ஆர் அளவில் கழுவி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"மொகம் வெத்தலை மாதிரில்ல இருக்கு. கண்ணு ஏன்டி இம்புட்டுக் கறுப்பு?"

"கூகைக்கு அப்படித்தாம்மா. மஞ்சக் கண்ணு இருக்கிறது வேற ஆந்தை."

ரொம்ப நேரம் பார்த்தார். கூடத்தில் மாட்டட்டுமா என்று கேட்டேன்.

"சாமி இருக்கிற எடத்துல வேணாம். அடுப்படியில மாட்டு. எலி அங்கதான் வருது."