அத்தையும் நானும் பத்தமடைப் பாயும்

அக்டோபர் 19, 2024

இரவு இரண்டரை மணி. அடுக்களையில் லைட் எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "உறக்கம் எங்கட்டி வருது? முட்டுல்லா குத்துது" என்றார். முப்பது வருஷம் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துச் சம்மணம் போட்டுப் பீடி சுற்றிய கால். எங்கள் முக்கூடலில் அந்த வயதுப் பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். என் உறக்கமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. படுத்த பிறகும் பன்னிரண்டு மணி வரை செல்போன். நாளையிலிருந்து ராத்திரியில் ரெண்டு பேரும் லேசாக யோகா செய்வோம் என்று வாய்விட்டுவிட்டேன்.

அக்டோபர் 21

முதல் நாளே கோளாறு. ஏதோ வீடியோவைப் பார்த்து அத்தையை, முட்டை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் உட்காரவைத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்துத் தூக்கினோம். "ஒன் யோகாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

தப்பு என்னுடையதுதான். சாப்பிட்டதும் வஜ்ராசனம் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் முட்டு முழுசாக மடங்கி, அதன்மேல் உடம்புப் பாரமும் இறங்குகிறதே, தேய்ந்த முட்டு அதைத் தாங்குமா?

அக்டோபர் 23

அம்பாசமுத்திரத்தில் தெரிந்த பிசியோதெரபி அம்மாவிடம் கேட்டேன். எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே செய்யச் சொன்னார். மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் ஊறும் வழுவழுப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. மூட்டை மடக்கி நீட்டும்போதுதான் பஞ்சு மாதிரி அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்தால் விறைப்புதான் ஏறும். முட்டு வீங்கிச் சூடாக இருக்கிற அன்றைக்கு மட்டும் தொடக்கூடாது. தேய்ந்ததை இது திரும்ப வளர்க்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே அவர் பேச்சில் நம்பிக்கை வந்தது.

அக்டோபர் 26

பத்தமடைக்குப் போய்க் கோரைப்பாய் வாங்கி வந்தோம். ரப்பர் விரிப்பில் படுக்க மாட்டேன், வாடை அடிக்கிறது என்று அத்தை ஒரே பிடிவாதம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பேர் போட்டு நெய்கிற பட்டுப்பாயைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாதாரணப் பாய்தான் எடுத்தார். யோகா சொல்லிக்கொடுத்த ரிஷிகேசத்துச் சிவானந்தர் 1887-இல் பிறந்தது இந்த ஊரில்தான், மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டுத்தான் சாமியார் ஆனார் என்று பஸ்ஸில் சொன்னேன். "டாக்டரா? அப்போ சரியாத்தான் சொல்லியிருப்பாரு" என்றார் அத்தை.

மொசைக் தரையில் பாய் வழுக்குகிறது. அடியில் ஜமுக்காளம் விரித்தபின் அசையவில்லை.

அக்டோபர் 29

மூன்று நாளாகச் செய்வதை எழுதி வைக்கிறேன்.

மல்லாக்கப் படுத்து, பாதத்தை முன்னும் பின்னும் பத்துத் தடவை, அப்புறம் கணுக்காலை வட்டமாக. பிறகு ஒரு குதிகாலைப் பாயில் இழுத்தபடியே முட்டை மடக்கி, தொடைக்குப் பின்னால் கைகோத்து மெதுவாக நெஞ்சுப் பக்கம் கொண்டுவர வேண்டும். முட்டின் மேலேயே கட்டிப் பிடித்தால் அத்தைக்கு அமுக்குகிறது. தொடையைப் பிடித்ததும் 'ஆங், இது சரி' என்றார். ஐந்து மூச்சு, அப்புறம் அடுத்த கால்.

சுவரில் காலைத் தூக்கி வைப்பதை நான் மட்டும் செய்கிறேன். அத்தைக்கு பிரஷர் உண்டு. அதனால் கெண்டைக்காலை ஸ்டூலில் வைத்துக்கொள்கிறார். கடைசியில் முட்டுக்கு அடியில் தலையணை கொடுத்து, அசையாமல் மல்லாக்கக் கிடக்கும் சவாசனம். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமானால் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மொத்தம் இருபது நிமிஷம்.

அக்டோபர் 31

தீபாவளி. வெடிச் சத்தம், வயிறு நிறைய அதிரசம். செய்யவில்லை.

நவம்பர் 7

இன்று சூரசம்ஹாரம். திருச்செந்தூர்க் கூட்டத்தை டிவியில் பார்த்தோம். ஆறு நாளும் அத்தை ஒருவேளைச் சாப்பாடுதான், சாயங்காலம் பாலும் பழமும். இந்த ஆறு நாளும் காலை மடக்கும்போது மூச்சு முட்டவில்லை என்று அவரே சொன்னார். ஒன்பதரைக்குத் தோசை தின்றுவிட்டுப் பத்து மணிக்குப் பாய் விரித்தால் எப்படி? இனி வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். வீட்டுக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

நவம்பர் 12

வெளியே மழை. முட்டு வலி போய்விட்டதா என்றால் இல்லை, மாடிப்படி ஏறும்போது இன்னும் "முருகா"தான். ஆனால் ராத்திரி ரெண்டரைக்கு எரிகிற அடுக்களை லைட்டை இந்த வாரம் ஒருநாள்தான் பார்த்தேன். அதுவும் பூனை பாலை உருட்டியதால்.

சவாசனத்தில் அத்தை சத்தமாகத்தான் எண்ணுவார், பீடி எண்ணிய பழக்கம். இன்று "நாலு, அஞ்சு" வரை கேட்டது. ஆறு வரவில்லை. லேசான குறட்டை வந்தது. முட்டுக்கு அடியில் இருந்த தலையணையை மெதுவாக உருவிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். என் செல்போன் அடுக்களையில் சார்ஜில் கிடக்கிறது. எழுந்து போய் எடுக்கச் சோம்பலாக இருக்கிறது.